விளையாடினால் படிப்புக் கெட்டுவிடுமா? – ஒரு கூடைப்பந்துப் பயிற்றுநர் தந்த விடை



கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வலைப்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியையாக இருந்து வருகிறேன். ஆண்டுதோறும் மாணவிகளைத் தேர்ந்தெடுத்து, பெற்றோருக்கு ஒப்புதல் கடிதம் அனுப்பிய மறுநாளே சிலர் என்னைத் தேடி வருவார்கள். "இந்த வருசம் வேணாம் டீச்சர், அவ படிக்கட்டும்" என்பார்கள். 2021-ஆம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. ஆனால், இந்த வேண்டுகோள் மட்டும் அகலவில்லை. காற்பந்துக் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் இப்படிக் கேட்டு வருவோர் குறைவு. பெண்பிள்ளைகளைப் பெற்றோரே மிகுதியாகக் கேட்கின்றனர்.

இதனை அறியாமை என்று நான் ஒதுக்குவதில்லை. பள்ளி வேன் மதியமே புறப்பட்டுவிடும். தந்தையும் தாயும் வேலையில் இருப்பார்கள். பயிற்சி முடிந்து பிள்ளையை அழைத்துப் போக ஆள் இருக்காது. வெயிலில் கறுத்துப் போவாள் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். இவை அனைத்திற்கும் அடியில் ஓர் அச்சம் இருக்கிறது. படிப்பு ஒன்றுதான் நம் பிள்ளைகளைக் கரையேற்றும். விளையாட்டு அதனைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் அது.

இவ்வச்சத்திற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த ஒருவரைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் இனத்தவரும் அல்லர். அமெரிக்காவின் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்துக் குழுவை 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் பயிற்றுவித்த பேட் சம்மிட் அம்மையார்தான் அவர்.

வீடு மாறிய தந்தை

பேட் சம்மிட் 1952-ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தில் பிறந்தார். பால்பண்ணையும் வயலுமாக உழைத்த குடும்பம். மூன்று அண்ணன்மாரோடு பண்ணை வேலைகளைச் செய்து வளர்ந்தார். வைக்கோல் சேமிக்கும் பரணில் தந்தை ஒரு கூடையை மாட்டிக் கொடுத்தார். இரவு வேளையில் அங்குதான் அண்ணன்மாரோடு ஆடிப் பழகினார்.

உயர்நிலைப்பள்ளிக்குச் செல்லும் வயது வந்தது. அவர்கள் வாழ்ந்த கிளார்க்ஸ்வில் வட்டாரப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்துக் குழு இல்லை. தந்தை என்ன செய்தார் தெரியுமா? மகள் விளையாட வேண்டும் என்பதற்காக, பெண்கள் குழு இருந்த பக்கத்து மாவட்டத்திற்குக் குடும்பத்தையே குடிபெயர்த்தார். அவர் கொஞ்சிக் குலாவும் தந்தை அல்லர், மிகவும் கண்டிப்பானவர். அத்தகைய ஒருவர் ஒரு பந்துக்காக வீடு மாறினார்.

நம்மவரும் பிள்ளைகளுக்காக வீடு மாறுகிறார்கள். நல்ல பள்ளிக்கு அருகில் வாடகை வீடு தேடுகிறார்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த நம் பெற்றோர் பலர் பிள்ளைகளின் கல்விக்காகவே வந்தார்கள். ஆகவே, அந்தத் தந்தையின் மனம் நமக்கு அயலானதன்று. அவர் எதற்காக மாறினார் என்பதுதான் நமக்குப் புதிது.

கோடு போட்டு வைத்த ஆட்டம்

கூடைப்பந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனைப் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். பெண்கள் அளவுக்கு மீறி ஓடினால் உடலுக்குத் தீங்கு என்று எண்ணிய காலம் அது. எனவே, ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். எந்தப் பெண்ணும் தன் பகுதியைத் தாண்டக் கூடாது.

இங்கிலாந்துக்குச் சென்ற கூடைப்பந்து அங்கு மாற்றம் பெற்றுத்தான் வலைப்பந்து ஆனது. இன்று நம் பள்ளித் திடலில் எழுவர் ஆடும் ஆட்டத்திலும், யார் எந்தப் பகுதிக்குள் நிற்க வேண்டும் என்னும் விதி இருக்கிறது. வலைப்பந்து எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம். அந்த விதியால்தான் அதில் கூட்டுழைப்பு சிறக்கிறது. ஆயினும், அக்கோடுகளின் தொடக்கத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது.

பேட் சம்மிட் பள்ளியில் ஆடிய காலத்திலும் டென்னசியில் பெண்களுக்கு அரைத்திடல் ஆட்டமே இருந்தது. தடுப்பவர் கடைசி வரை தடுக்க வேண்டும். பந்தைக் கூடையில் போடும் வாய்ப்பே அவருக்குக் கிடையாது. பின்னாளில் பயிற்றுநரானதும் அவர் இம்முறையை வெளிப்படையாக எதிர்த்தார். 1970-களின் இறுதியில்தான் அம்மாநிலப் பள்ளிகளில் பெண்கள் முழுத்திடலிலும் ஓடி ஆடத் தொடங்கினர்.

மாதம் 250 டாலர்

1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று அது கூறியது. விளையாட்டுக்கும் அச்சட்டம் பொருந்தியதால் பல்கலைக்கழகங்களில் பெண்கள் குழுக்களுக்கு மெல்ல வழி பிறந்தது. அந்நேரத்தில்தான், 1974-இல், 22 அகவையில் பேட் சம்மிட் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். மாதச் சம்பளம் 250 டாலர். குழுவின் வேனை அவரே ஓட்டினார். சீருடைகளை அவரே துவைத்தார். அச்சீருடைகளும் டோனட் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. உணவு விற்பனை நாள் நடத்திப் பள்ளிக்கு நிதி திரட்டும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

அவருடைய முதல் ஆட்டம் தோல்வியில் முடிந்தது. ஒரே ஒரு புள்ளியில், 84-க்கு 83 என்னும் கணக்கில், மெர்சர் குழுவிடம் தோற்றார். பயிற்றுவித்துக்கொண்டே முதுகலை படித்தார். முழங்காலில் பட்ட கடுங்காயத்திலிருந்து மீண்டு, பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1976 மாண்ட்ரியல் போட்டியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்கக் குழு தங்கம் வென்றது.

கல்லூரிகளுக்கான தேசிய வாகையர் பட்டமோ அவ்வளவு விரைவில் கிட்டவில்லை. அவருடைய 13-ஆவது பருவத்தில், 1987-இல்தான் முதல் பட்டம் வந்தது. அதன்பின் 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 என்று மொத்தம் எட்டுப் பட்டங்கள். 1998-இல் முடிந்த பருவத்தில் ஆடிய 39 ஆட்டங்களிலும் வெற்றி. ஓய்வு பெற்றபோது அவருடைய கணக்கு 1098 வெற்றி, 208 தோல்வி. முதல் பிரிவுக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை எந்தப் பயிற்றுநரும் அத்தனை வெற்றிகளைப் பெற்றதில்லை. 2020-இல் தாரா வாண்டர்வீர் என்னும் மற்றொரு பெண் பயிற்றுநர் அவ்வெண்ணிக்கையைக் கடந்தார்.

முதல் மூன்று வரிசை

நான் பெற்றோர்களுக்குச் சொல்ல விரும்புவது 1098 என்னும் எண்ணை அன்று. வேறொரு கணக்கு இருக்கிறது. டென்னசியில் அவரிடம் தங்கள் ஆட்டக்காலத்தை முழுமையாக நிறைவு செய்த மாணவிகள் அனைவரும் பட்டம் பெற்றனர். ஒருவர்கூட விடுபடவில்லை.

இது தானாக நிகழ்ந்ததன்று. விரிவுரையில் முதல் மூன்று வரிசைகளுக்குள் அமர வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. காரணமின்றி வகுப்பைத் தவறவிட்டவர் அடுத்த ஆட்டத்தைத் தவறவிடுவார். எத்துணைச் சிறந்த ஆட்டக்காரராக இருந்தாலும் இதுவே நடைமுறை. படிப்புக்குக் காவலாக அங்கு நின்றவர் பெற்றோர் அல்லர், பயிற்றுநர்தான்.

அதனால்தான் பெற்றோர் அவரை நம்பினர். புதிய ஆட்டக்காரர்களைத் தேடி அவர் வீடு வீடாகச் செல்வார். 1990-இல் நிறைமாதக் கருவுற்றிருந்தபோதும், பென்சில்வேனியாவில் ஒரு மாணவியின் வீட்டுக்குச் சென்றார். அங்கிருந்தபோதே வலி கண்டுவிட, விமானத்தில் டென்னசி திரும்பி மகனைப் பெற்றெடுத்தார். நியூயார்க்கில் பாட்டியிடம் வளர்ந்த சமீக்வா ஹோல்ட்ஸ்கிளா அவரிடம் சேர்ந்து 1996, 1997, 1998 என மூன்று பட்டங்களிலும் பங்கு கொண்டார்.

பேட் சம்மிட் கனிவே உருவானவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய பார்வை ஒன்றே போதும், ஆட்டக்காரர்கள் நடுங்குவார்கள் என்பார்கள். கடுமையாக ஓட வைப்பார். உரக்கக் கடிந்து கொள்வார். அவரிடம் இருந்தவர்கள் 18 வயதைக் கடந்த, தாமே விரும்பி வந்த இளம்பெண்கள். நம்மிடம் இருப்பவர்கள் பத்து, பதினொரு வயதுக் குழந்தைகள். அவருடைய குரலை நாம் கடன் வாங்கத் தேவையில்லை. அவருடைய விதியைக் கடன் வாங்கலாம்.

எங்கள் திடலில்

நான் அதைத்தான் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழுவின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரியை நிறுத்திக்கொள்ள அவளுடைய தந்தை வந்தார். துறைமுகத்திற்கு லாரி ஓட்டுபவர். கணிதத்தில் பின்தங்குகிறாள் என்பது அவர் கவலை. அந்தக் கவலை உண்மையானது. நான் அவரிடம் ஒரு தவணை மட்டும் கேட்டேன். பயிற்சி நாள்களில் முதல் அரைமணி நேரம் சிற்றுண்டிச்சாலை மேசையில் வீட்டுப்பாடம். முடித்தவர்தான் பந்தைத் தொடலாம். முடிக்காதவர் திடலோரம் அமர்ந்து முடிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் அவள் திடலோரத்திலேயே இருந்தாள். மூன்றாம் வாரம் எங்கள் துணைத்தலைவி அவளுக்கு வகுத்தல் கணக்கைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அவள் இல்லாமல் ஆடினால் தோற்போம் என்பது அவளுக்குத் தெரியும்! ஒருநாள் தந்தை முன்னதாகவே வந்து, மோட்டார் சைக்கிளில் அமர்ந்தபடி அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி டீச்சர், விளையாடட்டும்" என்றார். அவள் கணிதத்தில் முதல் மாணவியாகிவிடவில்லை. பின்தங்காமல் இருந்தாள், அது போதும். இப்போது இடைநிலைப்பள்ளியிலும் ஆடி வருகிறாள்.

எல்லாரையும் இப்படித் தக்கவைக்க இயலவில்லை. அதே ஆண்டு இன்னொரு மாணவி நின்றுவிட்டாள். அவளை மாலையில் அழைத்துச் செல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. விதிகளால் தீராத சிக்கல்களும் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பயிற்சி நாள்களில் வேனுக்கு ஏற்பாடு செய்தால், அப்படிப்பட்ட இரண்டு மூன்று பிள்ளைகளாவது திடலுக்கு வருவார்கள்.

நமக்கும் முன்னோடிகள் உண்டு

நம் பெண்களால் இயலாதது ஒன்றுமில்லை. எம். இராஜாமணி 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவ்வாண்டே அவருக்குக் கிடைத்தது. கூடைப்பந்திலேயே எடுத்துக்காட்டு வேண்டுமானால், சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இருக்கிறார். இந்தியக் குழுவுக்குத் தலைமையேற்று, தாயான பிறகும் மீண்டும் களமிறங்கிய அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நம் கல்வி அமைச்சும் 2011-இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையைக் கொண்டு வந்தது. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு உரியது. மயிரிழையில் இடம் தவறும் பிள்ளைகளைக் கண்டவர்கள் அந்தப் பத்தின் மதிப்பை அறிவார்கள். ஆயினும், பாரதியாரின் பாப்பாப் பாட்டைக் காலையில் பாட வைத்துவிட்டு, உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

நினைவில் நின்றவை

2011-ஆம் ஆண்டு, 59 அகவையில், தமக்கு அல்சைமர் எனும் மறதி நோய் கண்டிருப்பதைப் பேட் சம்மிட் வெளிப்படையாக அறிவித்தார். ஒளிந்துகொள்ளாமல் மேலும் ஒரு பருவம் குழுவோடு நின்றார். 2012-இல் விலகியபோது, அவரிடமே ஆடி, அவருக்கே துணைப் பயிற்றுநராக இருந்த ஹோலி வார்லிக் அப்பொறுப்பை ஏற்றார். 2016 ஜூன் 28-ஆம் நாள், 64 அகவையில் அம்மையார் மறைந்தார். அவர் எந்த ஆட்டத்தை மறந்திருந்தாலும், அவரிடம் பட்டம் பெற்றுச் சென்ற பெண்கள் எதையும் மறக்கவில்லை. அவர்களுள் பலர் இன்று தாமே பயிற்றுநர்கள்.

ஆசிரியர்களே, விளையாட்டுக் குழுவை வைத்திருக்கும் நாம்தான் அந்த மாணவிகளின் வீட்டுப்பாடத்திற்கும் முதல் காவலர்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் பெற்றோரிடம் சென்று கேட்கும் உரிமை நமக்கு வரும்.

பெற்றோர்களே, அடுத்த முறை ஒப்புதல் கடிதம் வீட்டுக்கு வரும்போது, 'வேண்டாம்' என்று எழுதுவதற்கு முன் பொறுப்பாசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? பிள்ளை எப்படி வீடு திரும்புவாள்? அவளுடைய பாடத்தை யார் பார்ப்பார்கள்? மூன்றுக்கும் சரியான விடை கிடைத்தால், தயங்காமல் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.