மேடை ஏறாத முகங்கள்

லிங்கராஜபுரத்துக்கு வழி கேட்டால் பெங்களூர்க்காரர்கள் மேம்பாலத்தைத்தான் அடையாளம் சொல்வார்கள். காக்ஸ் டவுன் பக்கமிருந்து ரயில் பாதைக்கு மேலே ஏறி மறுபுறம் இறங்கினால் பேட்டை ஆரம்பம். கடைப் பலகைகளில் கன்னடம். கல்லாவுக்குப் பின்னால் பல இடங்களில் தமிழ். 1809இல் ஆங்கிலேயர்கள் கண்டோன்மெண்ட் அமைத்தபோது சென்னை ராணுவத்துடனும் அதன் தேவைகளுக்காகவும் வந்த தமிழர்களின் வாரிசுகள் நகரத்தின் இந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கோலார் தங்கவயல்காரர்களும் உண்டு. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காகப் பெங்களூரை நம்பி ரயிலேறியவர்கள் ஏராளம்.

இப்படிச் சிதறிய குடும்பங்கள் முழுதாக ஒன்றுகூடுவது கல்யாணத்தில்தான். அப்படி ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கும் பொறுப்பை 2018 தை மாதத்தில் நான் ஏற்றுக்கொண்டது அசட்டுத் துணிச்சல் என்று இப்போது தெரிகிறது. லிங்கராஜபுரத்தில் இருக்கும் அத்தை மகனின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். "மச்சான், நீதான் புதுக் காமிரா வாங்கியிருக்கியே" என்றார். அதுவரை நான் எடுத்தவை கோயில் கோபுரங்கள். கோபுரம் அசையாது. கண்ணை மூடாது. ஒரே ஒரு நிமிடம் மட்டும் நடந்துவிட்டு முடிந்துபோகாது.

கெட்டிமேளம் முழங்கியபோது எனக்குக் கைநடுக்கம். தாலி கட்டும் கணத்தில் எட்டுப் படம் எடுத்தேன். ஐந்தில் அட்சதை போட நீண்ட கைகள் மணப்பெண்ணின் முகத்தை மறைத்தன. இரண்டில் வீடியோக்காரரின் முதுகு. ஒன்று தேறியது. சாயங்காலம் பார்த்தால் மொத்தம் தொள்ளாயிரம் படங்கள். எண்ணிக்கை தந்த தைரியத்தில், அவற்றில் நாற்பதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, பேட்டையிலேயே பழைய ஸ்டூடியோ ஒன்றுக்குப் போனேன்.

அதன் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். யாஷிகா காமிராவில் 120 ஃபிலிம் போட்டுக் கல்யாணம் எடுத்த காலத்தவர். அந்த ஃபிலிமில் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள்தான். "பத்து ரோல் போட்டாலும் 120 படம். ஒவ்வொண்ணுக்கும் காசு. அமுக்குறதுக்கு முன்னாடி யோசிப்போம் சார். நீங்க அமுக்கிட்டு யோசிக்கிறீங்க" என்றார்.

பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை நடுநடுவே கவனித்தபடி என் படங்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். மாப்பிள்ளையின் தலையிலிருந்து டியூப் லைட் முளைத்திருந்தது. ஃபிளாஷை நேராக அடித்ததில் எல்லோர் நெற்றியும் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. "ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் பரவி மெதுவாக இறங்கும். ஆனால் மண்டபத்துக் கூரை ரொம்ப உயரமா இருந்தா அது எட்டாது. பக்கத்துச் சுவர்ல அடிக்கலாம்னா, சுவர் பச்சையா இருந்தா பொண்ணும் பச்சையாயிடும்." அமுக்கும் முன்பு காமிராவின் நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். முகத்தை நாம் தானாகவே பார்த்துவிடுகிறோமாம். மூலையைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

படத்தைப் பிறர் முன் வைத்துக் குறை கேட்பது பெங்களூரில் பழைய வழக்கம். 1971இல் தொடங்கிய யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி போன்ற அமைப்புகள் இங்கே உண்டு. காட்டுயிர்ப் படங்களுக்காக உலக அளவில் பெயர் பெற்ற டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) கூட ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் பயின்றவர்தான். ஆனால் புலியைப் படமெடுத்தவரிடம் புலி வந்து குறை சொல்வதில்லை. கல்யாணப் படத்தில் அந்த வசதி கிடையாது.

மணப்பெண் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது மடிக்கணினியில் தொள்ளாயிரம் படங்களையும் காட்டினேன். அமைதியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசியில் கேட்டாள்: "பாட்டி எங்கே, மாமா?"

பாட்டி என்றால் என் அத்தை. தங்கவயல்காரர். மாரிகுப்பம் ரயிலில் வந்து கண்டோன்மெண்டில் இறங்கி, மூன்று நாள் முன்னதாகவே கல்யாண வீட்டுக்கு வந்து, முறுக்கு சுடுவதிலிருந்து சீர்த்தட்டு அடுக்குவதுவரை எல்லாம் பார்த்தவர். மாமா சுரங்கத்தில் வேலை பார்த்துக் காலமானவர். அதனால் முகூர்த்த நேரத்தில் அத்தை மேடைப் பக்கம் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பின்வரிசைத் தூணருகே நின்றிருந்தார். என் காமிரா முழு நேரமும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய புடவைத் தலைப்பு மட்டும் கிடைத்தது. நான் பார்க்காமல் விட்ட மூலை.

ஸ்டூடியோக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஃபிளாஷைப் பற்றிப் பேசவில்லை. "கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுக்குப் போய் யார் யார் முக்கியம்னு கேட்டு எழுதிப்பேன். அப்புறம் இன்னொரு கேள்வி கேட்பேன், யாரெல்லாம் மேடைக்கு வரமாட்டாங்க?" என்றார். விதவைகள், முட்டி வலிக்காரர்கள், அண்ணன் தம்பி சண்டையில் ஒதுங்கி நிற்பவர்கள், பந்தியைவிட்டு நகர முடியாத தாய்மாமன். அவர்களை முகூர்த்தத்துக்கு முன்பே, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் எடுத்துவிட வேண்டும். மேடைக் கூட்டம் எப்படியும் காமிராவுக்குள் வந்துவிடும்.

அடுத்த ஒரு வருடம் விடுமுறை நாட்களில் அவருக்கு எடுபிடியாகப் போனேன். தேவாலயத் திருமணம் ஒன்றில் திருப்பலி முடியும்வரை ஃபிளாஷ் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். காமிராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்குப் போடுகிறது. வெள்ளை கவுன் அழுக்காகத் தெரிவது அதனால்தான். ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்தால் வெள்ளை வெள்ளையாகும். கறுப்புக் கோட்டு மாப்பிள்ளைக்கு இதற்கு நேர்மாறு. இதெல்லாம் இரண்டு மாதத்தில் படிந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவரைத் தேடும் கண் மட்டும் தாமதமாகவே வந்தது.

2019 வைகாசியில் இளைய பெண்ணின் கல்யாணம். இந்த முறை கையில் பட்டியல். விடிகாலையில் பின்கட்டுக்குப் போனேன். அத்தை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழுந்தது. ஃபிளாஷ் தேவைப்படவில்லை. "என்னை எதுக்குடா எடுக்கறே, போய்ப் பொண்ணை எடு" என்றார். பேசிக்கொண்டே நாலு படம் எடுத்தேன். அப்போது பேத்தி, பாதி அலங்காரத்தோடு ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அது ஐந்தாவது படம்.

அந்த ஐந்தாவது படம் இப்போது லிங்கராஜபுரம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. முகூர்த்தப் படத்தைவிடப் பெரிய அளவில். ஸ்டூடியோக்காரரிடம் காட்டினேன். "தேறிட்டீங்க" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அத்தையிடமும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண் கலங்குவார் என்று நான் காத்திருந்தேன்.

"எல்லாம் சரி, எனக்குப் பின்னாடி அந்தத் துடைப்பக்கட்டையை எடுத்து வெச்சிருக்கக் கூடாதாடா?" என்றார்.

நான்கு மூலைகளில் ஒன்றை மறுபடியும் விட்டிருக்கிறேன்.