தீயணைப்பு வண்டி எந்த அலைவரிசையில் பேசுகிறது?

ஸ்கேனர் என்றவுடன் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள் மக்களே. இது காதால் கேட்கிற ஸ்கேனர். நாம் போட்டுவைத்த அலைவரிசைகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எங்கே யாராவது பேசுகிறார்களோ அங்கே நின்று நமக்குக் கேட்க வைக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கலிஃபோர்னியாவுக்குப் படிக்க வந்த பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். கருவி வாங்குவது சுலபம். அதில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில் போய் நம் கவுண்டியின் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நிறையப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலும் நம்மைப் போன்ற யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியதுதான். மூலம் வேண்டுமென்றால் எஃப்.சி.சி.யின் உரிமத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. கவுண்டி பெயரைப் போட்டு, பொதுப் பாதுகாப்புப் பிரிவு என்று குறுக்கினால், ஒவ்வொரு தீயணைப்புத் துறையும் எந்தெந்த அலைவரிசைக்கு உரிமம் வாங்கியிருக்கிறது, ஆன்டெனா எந்த மலையில் நிற்கிறது, எத்தனை வாட் என்பது வரை கிடைக்கும்.

அங்கே வரும் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எஃப்.பி.2 என்றிருந்தால் அது ரிப்பீட்டர், அதாவது மலை உச்சியில் உட்கார்ந்து ஒரு அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் நிலையம். நாம் கேட்க வேண்டியது திருப்பி அனுப்பும் அலைவரிசையை. எம்.ஓ. என்றால் வண்டியிலும் கையிலும் இருக்கும் கருவிகள். எஃப்3இ என்று முடிந்தால் பழைய பாணி எஃப்.எம். குரல், எஃப்1இ என்றால் டிஜிட்டல். இதைப் பார்க்காமல் மலிவான அனலாக் கருவியை வாங்கிவிட்டு டிஜிட்டல் இரைச்சலைக் கேட்டு நொந்துபோனவர்கள் எக்கச்சக்கம் :-)

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ரிப்பீட்டரே இல்லாத அலைவரிசைகள். பட்டியலில் எம்.ஓ. மட்டும் இருக்கும், நாலைந்து வாட் போட்டிருக்கும். பெரும்பாலும் அது தீ எரியும் இடத்தில் வீரர்கள் கைக்கருவியில் ஒருவருக்கொருவர் பேசுவது. மலை உதவி இல்லாததால் அதிக தூரம் போகாது. அப்படியென்றால் அது நமக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றாலே தீ பக்கத்தில் என்று அர்த்தம்! ஒருநாள் சாயங்காலம் அப்படித்தான் ஒன்று காதைப் பிளக்கிற மாதிரி வந்தது. ஜன்னலைத் திறந்தால் இரண்டு தெரு தள்ளிப் புகை.

154.280 மெகாஹெர்ட்ஸை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவையுங்கள். வெவ்வேறு ஊர் வண்டிகள் உதவிக்கு வரும்போது பேச நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஒயிட் 1 என்பார்கள். 154.265 ஒயிட் 2, 154.295 ஒயிட் 3.

மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரில் இன்னொரு வேடிக்கை. ஒரே அலைவரிசையில் பல மலைகளில் ரிப்பீட்டர்கள். எந்த மலை எடுக்க வேண்டும் என்பதைக் குரலோடு சேர்ந்து போகும் ஒரு தாழ்ந்த ஒலி தீர்மானிக்கிறது. டோன் 1 என்றால் 110.9 ஹெர்ட்ஸ், டோன் 2 என்றால் 123. தீ என்று அழைப்பு வந்ததும் கட்டுப்பாட்டு அறையே இந்தக் கமாண்ட், இந்த டோன், இந்த டாக் என்று வண்டிகளுக்குச் சொல்லிவிடும். பொறுமையாக நாலு நாள் கேட்டால் பட்டியல் தானாகவே கையில் சேரும். காட்டு இலாகாவான ஃபாரஸ்ட் சர்வீஸ் மட்டும் மத்திய அரசு என்பதால் எஃப்.சி.சி. தரவுத்தளத்தில் சிக்காது. அதற்கு 162 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தேடல் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் வேலை இல்லாதவன் வேலை என்று அறைத்தோழர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது அதே ஆட்கள் வாட்ச் டியூட்டி செயலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 2021இல் சோனோமா கவுண்டியில் தொடங்கிய அந்தச் செயலியின் முதுகெலும்பே ஸ்கேனர் கேட்கிறவர்கள்தான். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களும் தன்னார்வலர்களும் ரேடியோவைக் கேட்டு, சரிபார்த்து, வரைபடத்தில் போடுகிறார்கள். ஈட்டன் தீயில் மேற்கு ஆல்டடேனாவுக்கு வெளியேறும் உத்தரவு வந்ததே ஜனவரி 8 அதிகாலை 3 மணிக்குப் பிறகு. அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். உத்தரவு வரும்வரை காத்திருப்பவனுக்கும் ரேடியோவில் தெருப்பெயர் கேட்டதும் கிளம்புகிறவனுக்கும் நடுவில் சில மணி நேரம் இருக்கலாம்.

அதனால்தான் குறியாக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கூட்டத்துக்கு வயிற்றைக் கலக்குகிறது. தனிநபர் விவரங்கள் திறந்தவெளியில் போகக்கூடாது என்று 2020இல் மாநில நீதித்துறை சொன்ன பிறகு கலிஃபோர்னியாவில் பல ஊர்களின் போலீஸ் ரேடியோ பூட்டப்பட்டுவிட்டது. போலீஸ் தரப்பில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தீயணைப்பு வேறு. பத்து ஊர் வண்டிகள் ஒரே மலையில் கூடும் தொழிலில் எல்லார் கையிலும் ஒரே சாவி இருக்க வேண்டும் என்பதே பெரிய தலைவலி. ஒருவரிடம் சாவி இல்லையென்றால் அவருக்கு எச்சரிக்கையே கேட்காது. அவர்கள் திறந்தே வைத்திருக்க இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. வீட்டில் கேட்பதற்கும் காரில் வைத்திருப்பதற்கும் சட்டம் வேறு வேறு. நியூயார்க் மாநிலத்தில் காரில் போலீஸ் அலைவரிசை வாங்கும் கருவி வைக்க அனுமதி வேண்டும், அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு ஊருக்கு ஒன்று வாங்கிவா என்று கேட்கப்போகிற நண்பர்களே, இந்திய சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சுங்கத்தில் நான் நிற்க முடியாது.