நான் பயின்ற ஆங்கில இலக்கியம்

நம் கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தளிக்குமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் தமிழ்ப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், சென்ற ஆண்டு நான் படிப்பிக்கும் பாடசாலையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இன்னமும் நெஞ்சை உறுத்துகின்றது. அதன் பொருட்டு, இக்கல்லூரியின் இறுதி வகுப்புகளில் நான் ஆங்கில இலக்கியம் பயின்ற கதையைக் கூற முற்படுகின்றேன்.

நான் க. பொ. த. உயர்தர வகுப்பிற் சேர்ந்தது 1995ஆம் ஆண்டில். அக்காலத்தில் நான்கு பாடங்கள் எடுத்தல் வேண்டும். மூன்று பாட முறையில் முதற் பரீட்சை நடைபெற்றது 2000ஆம் ஆண்டிலேயாம். தமிழ், இந்து நாகரிகம், புவியியல் என்னும் மூன்றையும் தயக்கமின்றித் தெரிந்தேன். நான்காவதாக ஆங்கில இலக்கியத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் புலமையன்று, ஆசையே. என்னுடன் இன்னும் இருவர் மட்டுமே அப்பாடத்தை எடுத்தனர். மூவரும் ஒரு வாங்கில் அமர்ந்து கற்றோம்.

வகுப்புத் தொடங்கிச் சில திங்கள் கழியுமுன், 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒருசேர வீடு துறந்து புறப்பட்டனர். செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அச்சனத்திரளில், அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தி உருட்டிச் சென்றவர்களுள் நானும் ஒருவன். மழை பொழிந்தது. பாலங்கடந்து நெடுநேரத்தின் பின் தெருவோரத்துக் கொட்டிலொன்றைக் கண்டோம். அதன் வாயிலில் நின்ற, முன்பின் அறியாத முதியவர் ஒருவர், "முதலிலை ஆச்சியை உள்ளுக்கை விடுங்கோ" என்று எங்களுக்கு வழிவிட்டுத் தாம் மழையிலேயே நின்றார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

1996 ஏப்பிரலில் ஊர் திரும்பியபோது எங்கள் வாங்கில் நான் ஒருவனே எஞ்சினேன். ஒருவன் வன்னிக்குப் போய்விட்டான். மற்றவன் பாடத்தை மாற்றிக்கொண்டான். படிப்பிப்பதற்கும் எவருமிலர். "ஒருவனுக்காக ஆசிரியரை எங்கே தேடுவது?" என்றார்கள். அது நியாயமான கேள்வியே. அந்நிலையில், இளைப்பாறிய ஆங்கில ஆசிரியரும் நம் பழைய மாணவருமாகிய பெரியவரொருவர், செய்தி கேட்டுத் தாமாகவே ஆளனுப்பி என்னை அழைத்தார். கிழமையில் மூன்று நாள், மாலையில், அவர் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடந்தது. 1990 முதல் மின்சாரமற்றிருந்த ஊரில், ஜாம் போத்தலுள் மண்ணெண்ணெய் சிறிது ஊற்றித் திரியிட்ட விளக்கொன்றே எங்களுக்கு ஒளி. அவர் ஒரு சதமும் பெற்றுக்கொள்ளவில்லை.

பரீட்சைக்குரிய நூல்கள் வேறாக இருப்பவும், ஐயா சேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்திலேயே தொடங்கினார். அவரிடமிருந்தது ஒரேயொரு பிரதி. ஆதலால் அதன் மூன்றாம் அங்கத்தை முழுவதும் கொப்பியில் எழுதியெடுக்கும்படி பணித்தார். மகளிர் மூவருக்கு நாட்டைப் பங்கிட முனைந்து, தன்னை மெய்யாக நேசித்த இளையவளைத் துரத்திவிட்டு, ஏனைய இருவராலும் புறக்கணிக்கப்பட்ட முதிய அரசன், புயலிலும் மழையிலும் வெட்டவெளியில் அலைகின்றான். குடிசையொன்று தென்படுகின்றது. தான் நுழையாது, தன் விகடனை முதலில் உள்ளே போகச் சொல்கின்றான். பின்பு, கூரையும் உடையுமற்ற ஏழைகள் இத்தகைய இரவுகளை எவ்வாறு தாங்குவரோ என்றெண்ணி, ஆண்ட காலத்தில் அவர்களைத் தான் போதிய அளவு கவனியாது விட்டமைக்கு வருந்துகின்றான்.

அவ்விடத்தை வாசித்ததும் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. கொட்டில் வாயிலில் நின்ற முதியவர் கண்முன் வந்தார். ஐயா விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டு, "தம்பி, உமக்கு இந்தக் காட்சிக்கு உரை சொல்லத் தேவையில்லை. ஆனால் அழுகிறதோடை நிக்கக்கூடாது. ஆர் சொல்லுறான்? ஆருக்குச் சொல்லுறான்? எந்த இடத்திலை, எந்த நேரத்திலை? சொல்லாமல் விட்டது என்ன? இதை எழுதிக்கொண்டு வாரும்" என்றார். ஈராண்டுகளும் அவர் எந்நூலைத் தொட்டாலும் இவ்வினாக்களையே கேட்டார். ஆயத்த விடைக் குறிப்பு ஒன்றையேனும் தந்தாரல்லர்.

1997ஆம் ஆண்டுப் பரீட்சையில் தமிழிலும் இந்து நாகரிகத்திலும் நல்ல சித்தி பெற்றேன். ஆங்கில இலக்கியத்திற் கிடைத்தது சாதாரண சித்தி. மொத்தப் புள்ளி குறைந்தமையால் பல்கலைக்கழக வாயில் அடைபட்டது. அந்நாளில் என் மனம் ஐயாவையே குற்றஞ் சாட்டியது. பரீட்சையில் இல்லாத நாடகத்திற் காலத்தைக் கழித்தாரே என்று கசந்தேன். பெறுபேறு வந்த மறுநாள் அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். நான் அறையுள் இருந்துகொண்டே, அண்ணா வீட்டில் இல்லையென்று தங்கையைக் கொண்டு சொல்லுவித்தேன். என் செருப்பு வாசலிற் கிடந்தது. அவர் அதைப் பார்த்திருப்பார். "வந்தால் நான் வந்ததெண்டு சொல்லும், பிள்ளை" என்று மட்டும் கூறிச் சென்றாராம். நான் போகவில்லை.

தொண்டராசிரியனாகச் சில ஆண்டுகள் கழித்து, நியமனம் பெற்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆங்கே ஓரிரவு தொல்காப்பியச் செய்யுளியலைப் படித்துக்கொண்டிருந்தேன். செய்யுளுக்கு உறுப்பாகத் தொல்காப்பியர் 34 எண்ணுகின்றார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்பன வரிசையாக வந்தபோது திடுக்குற்றேன். யார் சொல்வது, யாருக்கு, எங்கே, எப்போது, சொல்லாது விட்டது யாது? ஐயாவின் வினாக்கள் அத்தனையும் அங்கிருந்தன. அவர் தொல்காப்பியத்தை அறிந்து கேட்டாரோ, அறியாது கேட்டாரோ, இன்று கேட்டறிய வழியில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுடன் அவரைக் காணச் சென்றபோது விறாந்தைக் கதவு பூட்டியிருந்தது. அவர் மறைந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன.

இன்று புறநானூற்றில் பாரிமகளிரின் பாட்டைப் படிப்பிக்கும்போது, அவ்வினாக்களைக் கொண்டே தொடங்குகின்றேன். தந்தையையும் குன்றையும் இழந்த அப்பெண்களின் பாட்டில், சொல்லாமல் விட்டதே மிகுதி என்பதை மாணவர் தாமே கண்டு சொல்கின்றனர். ஆங்கில இலக்கியம் பயின்றிராவிடின் நான் அப்பாட்டுக்குப் பொழிப்புரை மட்டுமே எழுதுவித்திருப்பேன்.

இது புதுமையன்று. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலவழிக் கல்வி பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கி, அவர் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் 'மதங்கசூளாமணி'யைத் தந்தார். பேராசிரியர் க. கைலாசபதி கிரேக்க வீரப்பாடல்களோடு சங்கப்பாடல்களை ஒப்புநோக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. இன்னோர்க்கு ஆங்கிலம் உத்தியோகத்துக்கு ஏணியாக மட்டும் இருந்ததில்லை. தமிழைப் பார்ப்பதற்கு மற்றுமொரு சாளரமாகவும் இருந்தது.

இனி, தொடக்கத்திற் குறித்த நிகழ்ச்சிக்கு வருகின்றேன். சென்ற ஆண்டு சாதாரணதரப் பரீட்சை முடித்த மாணவனொருவன் வகுப்பறை வாயிலில் வந்து நின்று, "சேர், நான் ஆங்கில இலக்கியம் எடுக்கட்டோ?" என்று கேட்டான். நான் ஒரு கணமும் சிந்தியாமல், "வேண்டாம் தம்பி, இசட் புள்ளி குறைஞ்சு போகும், படிப்பிக்கவும் ஆளில்லை" என்றேன். அவன் தலையசைத்துச் சென்று வேறு பாடம் எடுத்தான். நான் கூறியது பொய்யன்று. ஆனால், ஒருவனுக்காக ஆசிரியரை எங்கே தேடுவது என்று அன்று என்னிடம் கூறியவர்களின் குரலிலேயே அதைக் கூறினேன் என்பது, அவன் போனபின்பே உறைத்தது. அன்று எனக்காக ஒருவர் ஆளனுப்பினார். இவனுக்கு நான் அதுகூடச் செய்யவில்லை.

அம்மாணவனிடம் என் பிழையைச் சொல்லிவிட்டேன். பாடத்தை மாற்றுங் காலம் கடந்துவிட்டது. இருப்பினும் சனிக்கிழமை மாலைகளில் அவனும் அவன் நண்பர் இருவரும் எங்கள் விறாந்தைக்கு வருகின்றனர். பழைய கொப்பியில் நான் எழுதியெடுத்த அந்த மூன்றாம் அங்கத்தை வாசிக்கின்றோம். என் ஆங்கிலம் ஐயாவின் ஆங்கிலம் அன்று. வினாக்கள் மட்டும் அவருடையவை.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களுள் ஆங்கிலம் வல்லோர் பலர் உளர், இளைப்பாறியோரும் உளர். ஒரு மாணவனே ஆயினும், கிழமையில் இரு மணிநேரம் அவனுக்கு அளிக்க முன்வருவார்களாயின், அன்னைக்கு இந்த யூபிலி ஆண்டிற் செய்யும் தொண்டுகளுள் அதுவும் ஒன்றாகும். நான் செலுத்தாது விட்ட நன்றியும் அவ்வழியால் ஓரளவு செலுத்தப்பட்டதாகும்.