மூடிமேல் தணல்

ஆம்பூரில் கல்யாணப் பிரியாணி ஆண்களின் சமையல். சீரகச் சம்பா வேகும் தேக்சாவுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டருக்குக் கூலி உண்டு, பெயரும் உண்டு. வெங்காயம் உரித்த பெண்களை யாரும் கேட்பதில்லை.

நான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். என் லைனில் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்று பிரியாணி செய்தால் கணவரின் தீர்ப்பு தயாராக இருக்கும்: மாஸ்டர் போட்டது மாதிரி இல்லை, அல்லது எங்கம்மா கைப்பக்குவம் வரல.

போன மாதம் மகள் போனில் ஒரு ஹைட்டிப் பெண் மக்ரோனி செய்வதைக் காட்டினாள். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாம். வேகவைத்த மக்ரோனியில் வதக்கிய வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், சுண்டக் காய்ச்சிய டப்பாப் பால், துருவிய சீஸ். மேலேயும் சீஸ் தூவி ஓவனில் சிவக்க விடுகிறார்கள். அவர்களுக்கு எடாம் சீஸ், எனக்கு அமுல். பாலை நானே சுண்டக் காய்ச்சினேன். ஓவனுக்கு எங்கே போக?

தம் போட்டேன். மாஸ்டர்கள் செய்வதுதானே! தோசைக்கல்லை சிம்மில் வைத்து, அதன்மேல் அலுமினியப் பாத்திரம், மூடிமேல் கரித்தணல். இருபது நிமிடத்தில் சீஸ் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. ஒரு ஓரம் தீய்ந்தும்விட்டது.

கணவர் ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார். ஒப்பிட யாருடைய கையும் கிடைக்கவில்லை.

"இது எப்படி இருக்கணும்?"

"இப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

மகள் அடியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.