1966-க்கு முன்னால்

நூலகம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மின்விசிறிச் சத்தம், பேப்பரின் நடுப்பக்கத்துக்காகக் காத்திருக்கும் பெரியவர், 'அமைதி' போர்டு. மருத்துவ நூலகங்களில் டாக்டர்களை உட்காரவைத்து 'தேடுவது எப்படி' என்று வகுப்பு எடுக்கிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். 'தேடறதுக்குப் போய் கிளாஸா? கூகுள்ல தட்டினா வந்துடாதா?'

சிரிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆராய்ச்சி. ஆரோக்கியமானவர்கள் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுக்க வேண்டும். அங்கேயே வேலை பார்த்த 24 வயதுப் பெண் ஒருவர் சம்மதித்தார். மே மாதம் மருந்தை இழுத்தார். இருமல் வந்தது. மூச்சுத் திணறியது. ஜூன் 2-ம் தேதி இறந்துபோனார்.

ஆராய்ச்சியாளர் முன்கூட்டித் தேடாமல் இல்லை. பப்மெட்டில் தேடினார். அந்த மருத்துவத் தரவுத்தளம் அப்போது 1966-க்கு முன்னால் போகாது. ஹெக்ஸாமெத்தோனியமோ 1950-களில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த பழைய மருந்து. நுரையீரலை அது பாதித்த சேதி, அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அச்சாகி, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூலையில் அமெரிக்க அரசு, தன் பணத்தில் அங்கே நடந்த மனித ஆராய்ச்சிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சில நாள் நிறுத்திவைத்தது. போன உயிர் போனதுதான்.

இன்று பப்மெட்டில் 1940-களின் கட்டுரைக் குறிப்புகளும் உண்டு. மொத்தம் மூன்றரைக் கோடிக்கு மேல். அன்று கிடைக்காதது பிரச்னை. இன்று கொட்டுவது பிரச்னை. 'ஹார்ட் அட்டாக்' என்று ஒருவர் எழுதுவார், 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவர 'மெஷ்' என்றொரு சொற்பட்டியல் 1960 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது, கேள்வியை 'யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன்' என்று நான்காக உடைப்பது, பிற்பாடு வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரைகளை அடையாளம் காண்பது, எங்கெங்கே எப்படித் தேடினோம் என்று எழுதிவைப்பது... இதெல்லாம்தான் பாடம்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் இப்படியொரு வகுப்பில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நடத்திய அம்மாள் நூலகர், டாக்டர் இல்லை. முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் பொறுமையிழந்து, "இதெல்லாம் பி.ஜி. பசங்களுக்குச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "ஒரே ஒரு சந்தேகம் சார். தேடினோம், ஒண்ணும் வரலை. அப்படி ஒண்ணு இல்லைன்னு அர்த்தமா, நாம தேடின இடத்துல இல்லைன்னு அர்த்தமா?"

பேராசிரியர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அந்த வயதில், அந்தப் பதவியில், மாணவர்களுக்கு எதிரே நோட்டைத் திறப்பது லேசான காரியமில்லை.

உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமோ, நர்ஸிங்கோ, பார்மஸியோ படித்தால், அவர்கள் கல்லூரி நூலகத்தில் இந்த வகுப்பு உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பப்மெட் 1997 முதல் யாருக்கும் இலவசம். காசு ஒரு சாக்கில்லை. நாளைக்கு உங்கள் பிள்ளையோ பெண்ணோ 'இந்த மருந்தால் ஆபத்து எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போடுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை நம்பி மூச்சை இழுப்பார்.