மேசைமேல் ஓடும் இரயில்

மனிதர்க்குப் பொழுதுபோக்குகள் பலவிதம். தபால்தலை சேர்ப்பார் சிலர். பழங்காசு தேடுவார் சிலர். நாற்பதைக் கடந்த மத்திய அரசு எழுத்தர் நால்வர், ஞாயிறு மாலைகளில் மான்குர்த்தில் ஒரு வீட்டில் கூடிச் சிறிய இரயில் எஞ்சின்களை ஓட்டுகிறோம் என்று சொன்னால் கேட்போர் நகைப்பார்கள். நகைக்கட்டும். இவ்வாண்டு நாங்கள் ஒரு புதிய எஞ்சினைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைச் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. அதில் எஞ்சினைவிடப் பெரிதான ஒன்று இருக்கிறது.

எங்களுள் ஒருவருக்கு வீடு தாராவியில், ஒருவருக்கு மாதுங்காவில், ஒருவருக்குச் செம்பூரில். நான்காமவர் மான்குர்த்வாசி. ஆறடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்று அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் துயில்கிறது. ஞாயிறு மாலையில் அதை வெளியே இழுத்து மேசைமேல் ஏற்றுவோம். வட்டமாக ஓர் இருப்புப்பாதை, தீப்பெட்டி அட்டையில் செய்த நிலையம், கடற்பஞ்சை நறுக்கிப் பச்சை பூசிய மரங்கள். இதுவே எங்கள் இராச்சியம்.

இந்த நோய் எங்களைப் பற்றியது புனேயில். அங்கே கோத்ரூட் பகுதியில் ஜோஷி என்பவர் 1998ஆம் ஆண்டில் திறந்த சிற்றிரயில் அருங்காட்சியகம் உண்டு. குழந்தைகளுக்குக் காட்டவென்று சென்றோம். குழந்தைகள் வெளியே வந்தபின்னும் நாங்கள் வரவில்லை.

இக்கலையில் உலகெங்கும் பெரிதும் வழங்குவது உண்மையில் 87 அடி நீளமுள்ளதை ஓரடியாகக் குறுக்கும் அளவு. இதற்குரிய தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இது மேனாட்டில் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதையின் குறுக்கம். நம் நாட்டு அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். கணக்குப்படி குறுக்கினால் 19 மில்லிமீட்டருக்கும் மேல் வர வேண்டும். ஆகவே நம் எஞ்சின்களை இப்பாதையில் நிறுத்தினால், நெரிசலில் நிற்கும் பயணியைப் போல் அவை காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டும் காணாதிருப்பதே இக்கலையின் முதற்பாடம்.

நிதிநிலையையும் சொல்லிவிடுகிறோம். தீபாவளியை ஒட்டி எங்களுக்கு வரும் போனஸ் பல ஆண்டுகளாக 6,908 ரூபாய். அதில் ஆளுக்கு இரண்டாயிரம் எடுத்து வைப்போம். மீதி, இல்லத்தரசியின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆண்டுக்கு ஓர் எஞ்சின். அதை நால்வரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்பவர்கள் ஆதலால், இதற்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறோம்.

இவ்வாண்டுக் கூட்டத்தில் மாதுங்கா நண்பர் முன்மொழிந்தது ‘முதலை’. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலைப்பாதையில் ஓடிய மின் எஞ்சின் அது. நடுவில் ஓட்டுநர் அறையும் இருபுறமும் நீண்ட மூக்குமாக, வளைவுகளில் உடலை மடித்துச் செல்லும் அமைப்பு உடையது. ஜெர்மனியில் 1859இல் தோன்றிய மார்க்லின் நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாக அதன் சிற்றுருவைச் செய்து வருகிறார்கள். அந்நிய நாட்டுப் பொருள் நமக்கு எதற்கு என்று கேட்டோம். நண்பர் விடவில்லை. அதே சாயலில் அமைந்த எஞ்சின்கள் 1928 முதல் பம்பாய்க்கு வந்து, போர்காட், தல்காட் மலைப்பாதைகளில் சரக்கு இழுத்தன என்றும், மராட்டியர் அவற்றை ‘கேக்டா’, அதாவது நண்டு, என்று அழைத்தனர் என்றும் எடுத்துரைத்தார். முதலையாயினும் நண்டாயினும், நால்வர் போனஸை முழுதாகச் சேர்த்தாலும் எட்டாத விலை. தீர்மானம் தள்ளுபடி ஆயிற்று.

செம்பூர் நண்பர் வாரணாசியில் 1964 முதல் செய்யப்பட்ட டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினை விரும்பினார். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அந்நிறுவனத்தின் வேறு எஞ்சின்களின் சிற்றுருவை வாங்கி நம் நாட்டு வண்ணம் பூசிக்கொள்வது இங்குள்ள ஆர்வலர் வழக்கம். தாதரிலிருந்து சென்னைக்கு நம் குடும்பங்களை இழுத்துச் சென்றதை எவ்வாறு மறப்பது என்று உருகினார். எங்களுக்கும் சற்று உருகியது.

அப்போதுதான் தாராவி நண்பர் வாய் திறந்தார். “நம்மை ஊரிலிருந்து கிளப்பியது டீசல் அல்ல, மீட்டர்பாதை நீராவி எஞ்சின். வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும்” என்றார்.

அறை அமைதியாயிற்று. இந்திய இரயில்வேயின் குறியீட்டில் டபிள்யூ என்பது அகலப்பாதை, ஒய் என்பது மீட்டர்பாதை. பி பயணியர் வண்டிக்கு, ஜி சரக்கு வண்டிக்கு. ஒய்பி, ஒய்ஜி என்னும் இவ்வெழுத்துகளைக் கேட்டாலே நெல்லைச் சீமைக்காரர்களுக்கு மூக்கில் கரிப்புகை ஏறும். மேலும், மான்குர்த்வாசியின் தந்தையார் செங்கோட்டையில் அத்தகைய எஞ்சின்களில் கரி அள்ளிப் போடும் பணியாளராய் இருந்தவர். கொல்லத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904இல் திறந்த அந்த மலைப்பாதையில் மீட்டர்பாதை வண்டி 2010இல் நின்றுபோயிற்று. அகலப்பாதையாகி 2018இல் முழுதும் மீண்டும் திறந்தது. பெரியவர் மகனோடு மான்குர்த் வந்தபின் ஊருக்குப் போகவில்லை. அவருடைய எஞ்சினை அவர் கண்முன் ஓட்டிக் காட்டுவது என்று நால்வரும் அக்கணமே மனத்துள் முடிவு செய்துவிட்டோம். மீட்டர்பாதையை 87இல் ஒன்றாகக் குறுக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர்தான் வரும், எங்கள் பாதையில் அது நிற்காது என்பதைக்கூட எவரும் பேசவில்லை. நம் கையாலேயே தனிப்பாதை இடுவோம் என்றிருந்தோம்.

பெரியவரை அழைத்துச் செய்தியைச் சொன்னோம். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரித்தார்.

“ஒங்களுக்கென்ன, சன்னல் ஓரம் உக்காந்து புகையைப் பாத்தீங்க. நான் ஆரியங்காவு குகைக்குள்ள நனைச்ச துண்டை மூஞ்சியில கட்டிக்கிட்டுக் கரி போட்டேன். ராத்திரி இருமல் இன்னும் அந்தக் கரிதான். அந்த எஞ்சினுக்கு நான் கும்பிடு போடுவேன். சோறு போட்ட தெய்வம். ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம்யா” என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை ஆண்டுகள் நினைவு, நினைவு என்று நாங்கள் போற்றியது பெட்டியில் அமர்ந்திருந்தவனின் நினைவு. எஞ்சினில் நின்றவரின் நினைவு வேறாக இருந்தது. அவரை ஒருநாளும் கேட்டதில்லை.

“அப்ப எதை வாங்குறது, மாமா?” என்று மெல்லக் கேட்டார் செம்பூர் நண்பர்.

பெரியவர் பேத்தியின் பக்கம் திரும்பி, “நீ சொல்லு பிள்ளே” என்றார்.

ஏழாம் வகுப்பு படிக்கும் அச்சிறுமி தயங்கவில்லை. “நம்ம லோக்கல், தாத்தா. வெள்ளையும் ஊதாவும்” என்றாள்.

உடனே எங்களுள் இருந்த எழுத்தர்கள் விழித்துக்கொண்டார்கள். லோக்கலுக்குத் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எஞ்சின் வாங்க ஒதுக்கிய நிதியை இதற்குச் செலவிடலாகுமா? கோப்பைப் புரட்டினோம். சிறுமி கேட்டாள்: “எஞ்சின் இல்லாமலா தினமும் ஆபீஸ் போறீங்க?” மறுமொழி இல்லை.

அவள் பிறந்தது இங்கே. அவளுக்கு இரயில் என்றால் குர்லா, திலக்நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்த். நாட்டின் முதல் மின்இரயில் 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லா வரை ஓடியது இந்தத் துறைமுகப் பாதையில்தான். 1992இல் வாஷிக்குப் பாலம் திறக்கும்வரை இப்பாதைக்கு எல்லை எங்கள் மான்குர்த். பழைய 1,500 வோல்ட் நேர்மின்சாரம் போய் 25,000 வோல்ட் வந்தது 2016இல். இவை யாவும் அவள் ஊரின் தலபுராணம். நமக்குச் செங்கோட்டை எதுவோ, அவளுக்கு இது அது.

பெரியவர் ஒன்றைச் சேர்த்தார்: “இந்த வண்டி எங்க செஞ்சது தெரியுமா? பெரம்பூர்ல.” உண்மைதான். 2007 முதல் மும்பைக்கு வந்த அந்த வெள்ளை, ஊதாத் தொடர்கள் 1955இல் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப்பெட்டித் தொழிற்சாலையில் பிறந்தவை. நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து, இவ்வூர்ச் சுமையைச் சுமப்பவை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்காததால், சக்கரமும் மோட்டாரும் மட்டும் விலைக்கு வாங்கி, உடலை அட்டையில் குழந்தைகளே வெட்டி ஒட்டுகிறார்கள். ஒரு பெட்டி ஒரு சாணுக்குச் சற்று மேல். பன்னிரண்டு பெட்டி என்றால் ஒன்பது அடியைத் தாண்டும், பலகையே ஆறடி. ஆகவே மூன்று பெட்டிகளோடு நிறுத்தியிருக்கிறோம். நெரிசல் மிகுதியாக இருக்கும் என்று பெரியவர் கேலி செய்கிறார்.

அயலகத்தில் வாழும் நாம், நம் நினைவுகளைக் குழந்தைகளுக்குச் சீதனமாகத் தர விரும்புகிறோம். தருவது கடமையே. ஆயினும் தரும் முன், மூத்தவர் எதைச் சுமந்தார் என்பதையும், இளையவர் எதை நேசிக்கிறார் என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கேட்கத் தவறியிருந்தால், எவருக்கும் வேண்டாத ஓர் எஞ்சின் இந்நேரம் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும்.