அந்தமானுக்கு ஒரு கப்பல் பிரயாணம்



பிழைப்பிற்காகப் பட்டணங்களில் குடியேறிய நமக்கு விடுமுறை என்றாலே சொந்த ஊருக்குச் செல்வதுதான். கல்யாண வீடு, துக்க வீடு, நிலத்தகராறு என்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. சபையில் வாரந்தோறும் அருகருகே அமர்ந்து ஆராதிக்கிற குடும்பங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து எங்கும் சென்று தங்கியதில்லை. இந்தக் குறையை எண்ணியே மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் ஒரு தீவுப் பயணம் செய்யத் தீர்மானித்தோம். 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது நிறைவேறிற்று. திட்டமிடும்போது நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தையும், இனிச் செல்ல விரும்புவோர் அறிய வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முந்தின ஆண்டு மே மாதத்தில் முதல் ஆலோசனைக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. வங்கியில் பணிபுரியும் சகோதரர் ஓர் உல்லாசக் கப்பலின் வண்ணப் பிரசுரத்தைக் கொண்டுவந்திருந்தார். நீச்சல்குளமும் விருந்து மேசைகளும் பிள்ளைகளின் கண்களை நிரப்பின. எல்லாரும் சம்மதித்தோம். தையல் வேலை செய்யும் சகோதரரும் தலையசைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் அவருடைய மனைவி என் மனைவியைத் தனியே அழைத்து, "அக்கா, மகளுடைய கல்லூரிப் பணத்தை எடுத்துத்தான் இதற்குக் கட்டப்போகிறோம். மற்றப் பிள்ளைகளெல்லாம் போகும்போது எங்கள் பிள்ளைகள் மட்டும் வீட்டில் இருந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று கண்ணீரோடு சொன்னார். இதைக் கேட்ட எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாங்கள், எங்களில் ஒருவருடைய கையிருப்பை விசாரியாமலே முடிவெடுத்திருந்தோம்.

யாருடைய பெயரையும் சொல்லாமல் காரியத்தைப் போதகரிடம் தெரிவித்தேன். அவர் 1 கொரிந்தியர் 11 ஆம் அதிகாரத்தைத் திறந்து, இல்லாதவர்களை வெட்கப்படுத்திய அந்தச் சபையாரைப் பவுல் கடிந்துகொண்டதை நினைவுபடுத்தினார். பின்பு ஓர் எளிய யோசனை சொன்னார். கடன் வாங்காமலும், வேறு தேவைக்கென்று வைத்ததைத் தொடாமலும் தங்களால் கொடுக்கக்கூடிய தொகையை ஒவ்வொரு குடும்பமும் பெயரில்லாத சீட்டில் எழுதவேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த தொகையே பயணத்தின் அளவாக இருக்கவேண்டும். நான்கு சீட்டுகளும் திறக்கப்பட்டன. குறைந்த தொகை, அதிகத் தொகையில் மூன்றில் ஒரு பங்கே இருந்தது. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. வங்கிச் சகோதரர்தான் முதலாவது வாய் திறந்து, "இந்தப் பணத்திற்குள் எந்தக் கப்பல் போகும் என்று பார்ப்போம், பிரதர்" என்றார். வண்ணப் பிரசுரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் அந்தமானுக்குச் செல்லும் அரசுப் பயணிகள் கப்பல். தீவு மக்களின் போக்குவரத்திற்காகச் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து இக்கப்பல்கள் ஏற்பட்டன. சென்னையிலிருந்து கடல் வழித் தூரம் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். பிரயாணம் சுமார் 60 மணி நேரம் பிடிக்கும். தனி அறைகளும் உண்டு. மிகக் குறைந்த கட்டணம் பங்க் வகுப்பிற்கே. ஒரு பெரிய கூடத்தில் அடுக்கடுக்காய் அமைந்த படுக்கைகள் அவை. விமானக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இது அரசு நிர்ணயித்த கட்டணம்.

பத்து மாதங்கள் மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்தோம். எல்லாரும் பங்க் வகுப்பிலேயே செல்வது என்று தீர்மானித்தோம். ஒரு சகோதரருடைய வயது முதிர்ந்த தாயாருக்கு மட்டும் அறை எடுத்தோம். அது அவருடைய பணத்தைப் பார்த்துச் செய்ததல்ல, மூட்டு வலியைப் பார்த்துச் செய்தது.

காலத்தைத் தெரிந்துகொள்வதிலும் ஞானம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். மே மாத நடுவில் தென்மேற்குப் பருவமழை தீவுகளை எட்டிவிடும். கப்பல் அட்டவணை முன்கூட்டியே உறுதியாவதில்லை. புறப்படும் நாளும் தள்ளிப்போகக்கூடும். பழுதுபார்க்கும் காலத்தில் ஓட்டம் குறையும். ஆகவே கப்பல் அலுவலகத்தில் விசாரித்து உறுதிசெய்யாமல் மற்ற ஏற்பாடுகளைச் செய்யாதீர்கள். ரயில் பயணச்சீட்டுக்கும் கப்பலுக்கும் இடையில் இரண்டு நாட்களாவது இடைவெளி விடுங்கள். நாங்கள் அந்த நாட்களில் சென்னையிலுள்ள உறவினர் வீடுகளில் தங்கினோம். விடுப்பு குறைவாயிருந்தால் போகும்போது கப்பலிலும் திரும்பும்போது விமானத்திலும் வரலாம்.

அடையாள அட்டை, படுக்கை விரிப்பு, குவளை, தண்ணீர்ப் புட்டி, பெட்டியைக் கட்டிவைக்கச் சங்கிலியும் பூட்டும், நான்கைந்து வேளைக்காவது கெடாத பலகாரம் ஆகியவற்றை எடுத்துச்செல்லுங்கள். கப்பலில் உணவு கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்று சொல்லமுடியாது. கழிப்பறைகள் கூட்டத்திற்கேற்ற நிலையில்தான் இருக்கும். குமட்டலுக்கு மருத்துவரிடம் கேட்டு முன்னதாகவே மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் கப்பலின் நடுப்பகுதியில் இருந்து, தூரத்து அடிவானத்தை நோக்குவது நலம். கரை மறைந்த சிறிது நேரத்தில் கைப்பேசி ஊமையாகிவிடும். எங்களுக்கு அதுவே பெரிய ஆசீர்வாதமாயிற்று.

இரண்டாம் நாள் வங்கிச் சகோதரர் தலை தூக்கமுடியாமல் படுத்துவிட்டார். இரவு முழுவதும் அவருக்கு எலுமிச்சை நீர் கொடுத்து, முகம் துடைத்துவிட்டவர் தையல்காரச் சகோதரரே. ஒன்பது ஆண்டுகளாய் ஒரே சபையில் இருந்தும் அவ்விருவரும் மனம் திறந்து பேசியது அந்த இரவில்தான். எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்ததினால் அது நேர்ந்தது.

மறுநாள் ஞாயிறு. மேல்தளத்தில் ஓர் ஓரமாய் உட்கார்ந்து, பிறருக்கு இடையூறில்லாமல் தாழ்ந்த குரலில் பாடி ஜெபித்தோம். சற்றுத் தள்ளி இருந்த ஒரு வயதான அம்மா எங்களோடு சேர்ந்துகொண்டார். நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவைச் சேர்ந்தவர். சென்னையில் மருத்துவம் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அத்தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவை. 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமியில் கச்சால் பெருஞ்சேதம் அடைந்தது. "அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் ஐயா" என்று மட்டும் சொல்லிக் கடலைப் பார்த்தார். யாரை இழந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் சகோதரிகள் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். இன்பம் தேடி நாங்கள் வந்த கடல் வேறொருவருக்குக் கல்லறையாயிருந்ததை அன்று உணர்ந்தோம்.

போர்ட் பிளேரில் ஐந்து நாட்கள் தங்கினோம். 2024 முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைக் கண்டோம். ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. ஒருவரை ஒருவர் காணாதபடி தனித்தனியே கட்டப்பட்ட அறைகளில், ஐக்கியம் இல்லாமையே எவ்வளவு கொடிய தண்டனை என்பது விளங்கிற்று. எதிரேயுள்ள ராஸ் தீவில் ஆங்கிலேயர் கட்டிய ஆலயம் கூரையின்றி, மரவேர்கள் சுவர்களைத் தழுவ நிற்கிறது. அரசுப் படகில் ஹேவ்லாக் தீவுக்குச் சென்று ராதாநகர் கடற்கரையில் பிள்ளைகளை விளையாடவிட்டோம். 2018 முதல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு என்றும் அழைக்கப்படுகின்றன. பவளத்துண்டுகளை எடுத்துவருவது சட்டவிரோதம். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் செல்வதும் அவர்களைப் படமெடுப்பதும் கூடாது.

அப்போஸ்தலர் 27 ஆம் அதிகாரத்தில் பவுல் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தார்கள். கைதியும் நூற்றுக்கு அதிபதியும் ஒரே புயலில் அகப்பட்டு, எல்லாரும் தப்பிக் கரை சேர்ந்தார்கள். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப்பார்ப்பான் என்று ஆண்டவர் போதித்ததும் நாம் அறிந்ததே. நண்பர்களோடு பயணம் செய்ய விரும்பினால் கணக்கை முதலில் பாருங்கள். அதையும் குறைவாய் உள்ளவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் கேட்குமுன்னே, அவர் வெட்கப்படாத விதத்தில் தொடங்குங்கள்.

அந்த ஜூன் மாதம் தையல்காரச் சகோதரர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் குறித்த நாளில் செலுத்தினார். நான்காவது சீட்டு யாருடையது என்று இன்றுவரை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கர்த்தர் உங்கள் பிரயாணங்களை வாய்க்கப்பண்ணுவாராக.